கிறிஸ்மஸ் தாத்தாவுக்குச் சர்க்கரை இல்லாத காப்பி

ஏம்மா, அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டா நான் உக்காருவேன்லா. ம், அப்படித்தான். காதுல மாட்டியிருக்கியே, அதுல ஒண்ணையாவது கழத்திரு. ரெண்டு காதையும் அடைச்சுக்கிட்டு பஸ்ல போனா ஸ்டாப் வந்தது எப்படித் தெரியும்? நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாத. பொம்பளப் பிள்ளைங்க ஹாஸ்டல்ல வார்டனா இருந்தவ நான். ரிட்டயர் ஆயாச்சு. அக்காவுக்கு வாய் மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகலைன்னு என் தம்பி சொல்லுவான். சொல்லமாட்டான், நினைப்பான். அவன் முகத்தைப் பாத்தாலே எனக்குத் தெரியும்.

நீ தூத்துக்குடி வரைக்குமா? நான் அதுக்கு முன்னாடியே இறங்கிருவேன். கிருபைநகர். திருநெல்வேலியில கண்ணு டாக்டரைப் பாத்துட்டு, எங்க பழைய ஹாஸ்டல் சமையக்காரி வீட்டுல தங்கிட்டு வாரேன். அவ இன்னும் ரெண்டு நாளு இருங்கன்னா. எப்படி இருக்க முடியும்? நாளைக்கு அட்வென்ட் ஆரம்பம்.

அட்வென்ட்னா தெரியாதா? சரி, சொல்லுதேன். கிறிஸ்மஸுக்கு முன்னாடி வார நாலு ஞாயித்துக்கிழமை. ஆண்டவர் வரப்போறாருன்னு காத்துக்கிட்டு இருக்கணும். அவ்வளவுதான். காத்திருக்கதுதான் வேலை. எங்க சபையில அதைக்கூட ஒழுங்கா செய்ய ஆள் கிடையாது. போன வருஷம் அந்தச் சபை எனக்குச் செஞ்சதைச் சொன்னா நீ நம்பமாட்ட. இந்தா, இந்த மிக்சரை எடுத்துக்கோ. கையைத் தொடைச்சுட்டு எடு.

எனக்குக் கல்யாணம் கில்யாணம் எல்லாம் கிடையாது. அம்மா போனப்போ தம்பி சின்னப் பையன். அவனைப் படிக்க வைக்கணும்னு ஹாஸ்டல் வேலைக்குப் போனேன், அப்படியே அங்கேயே இருந்துட்டேன். அவன் பேரு சந்தோஷம். பேருதான் சந்தோஷம், ஆளு எப்பவும் பல்லுவலிக்காரன் மாதிரியே இருப்பான். நான் ரிட்டயர் ஆனதும் அவன்தான் ஹாஸ்டலுக்கே வந்து, "அக்கா, நீ எங்க வீட்டுக்கு வந்துரு"ன்னான். எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. வீட்டை நடத்த ஆள் இல்ல. அவன் பொண்டாட்டி பொன்மலர் நல்லவதான், ஆனா பொறுப்பு கிடையாது. சாப்பாட்டுக்கு ஒரு நேரம் கிடையாது. பசிச்சா சாப்பிடுதாங்க. கேட்டியா இந்தக் கதையை? பசிச்சா சாப்பிடுததாம்.

ஹாஸ்டல்ல பிரிவு உபசாரத்துல பிள்ளைங்க எனக்கு ஒரு கைமணி குடுத்தாங்க. நான் வருஷக்கணக்கா அடிச்ச மணிதான், பாலிஷ் போட்டுக் குடுத்தாங்க. அதைத் தம்பி வீட்டுச் சாப்பாட்டு மேசையில வச்சேன். காலையில, மத்தியானம், ராத்திரி, மணி அடிச்சா ரெண்டு பேரும் வந்து உக்காந்துருவாங்க. எதுத்து ஒரு வார்த்தை பேசமாட்டாங்க. பேச விரும்பலைன்னு அர்த்தம். நான்தான் பெருந்தன்மையா விட்டுட்டேன்.

சரி, சபைக்கு வாரேன். எங்க ஐயர் பேரு எலியேசர். ஐயர்னா எங்க பாதிரியார், நீ வேற எதுவும் நினைச்சுக்கிடாத. சின்ன வயசு. பிரசங்கம் நீளம். அதை நான் முதல் வாரமே வாசல்ல கையைக் குடுக்கும்போதே சொல்லிட்டேன். "ரொம்ப நன்றிக்கா"ன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நக்கல்.

போன வருஷம் முதல் அட்வென்ட் ஞாயிறு. பச்சை இலையில வளையம் கட்டி, அதுல நாலு மெழுகுவர்த்தி நிப்பாட்டி, வாரத்துக்கு ஒண்ணா ஏத்துவாங்க. அன்னைக்கு முதல் மெழுகுவர்த்தி. சபையிலேயே மூத்த அம்மா ஒருத்தங்க நடுங்கிக்கிட்டே வந்து ஏத்துனாங்க. எல்லாருக்கும் கண்ணு கலங்கிட்டு. ஐயர் ஜெபிப்போம்னாரு. எல்லாரும் கண்ணை மூடிட்டாங்க. நான் நினைச்சேன், எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டா நெருப்பை யாரு பாக்கது? அந்த மெழுகுவர்த்தி வேற ஒரு பக்கமா சாஞ்சு நிக்கு. சுத்தி காஞ்ச இலை. மேல ஜிகினாத்தாள். ஹாஸ்டல்ல நான் எத்தனை மெழுகுவர்த்தியை அணைச்சிருப்பேன். செருப்பு சத்தம் கேக்காம போனேன், ஊதி அணைச்சேன், வந்து உக்காந்துட்டேன்.

ஆமென்னு சொல்லி எல்லாரும் கண்ணைத் தொறந்தாங்க. மெழுகுவர்த்தியில புகைதான் வருது. அது நம்பிக்கையின் மெழுகுவர்த்தியாம். ஏத்துன அம்மா, "ஐயோ, நான் சரியா ஏத்தலையோ"ன்னு அழ ஆரம்பிச்சுட்டாங்க. நான் எந்திரிச்சு நின்னு, "நான்தான் அணைச்சேன், பாதுகாப்புக்கு"ன்னு சொன்னேன். எனக்கென்ன பயம்?

ஐயர் மறுபடியும் அதை ஏத்தச் சொன்னாரு. சர்ச்சைத்தான் நாங்க கோயில்னு சொல்லுவோம். கோயில் முடிஞ்ச பிறகு என்கிட்ட வந்து, "நல்லவேளை கவனிச்சீங்கக்கா. அடுத்த வாரத்துல இருந்து நீங்க முன்னாடி வந்து வளையத்துக்குப் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிடுங்க. நீங்க இருந்தா நாங்க நிம்மதியா கண்ணை மூடுவோம்"ன்னாரு. ஒரு நாற்காலியும் போட்டாங்க. புரியுதா உனக்கு? என்னை மத்தப் பொம்பளைங்ககிட்ட இருந்து பிரிச்சுத் தனியா உக்கார வச்சுட்டாங்க. ஹாஸ்டல்ல வாயாடிப் பிள்ளைங்களை நான் அப்படித்தான் உக்கார வைப்பேன். எனக்குத் தெரியாதா அதுக்கு என்ன அர்த்தம்னு.

அடுத்து, கோயில் வளாகத்துல பொம்பளைங்க எல்லாம் சேந்து முந்திரிக்கொத்து சுட்டாங்க. நானும் போனேன். உருண்டை எல்லாம் ஒரே அளவா இல்லைன்னு சொன்னேன். சொன்னதுதான் தாமதம், எனக்கு ஒரு நாற்காலி. அந்தச் சபையில எனக்கு எங்க போனாலும் நாற்காலிதான். "மைனி, நீங்க உக்காந்து ருசி பாத்துச் சொல்லுங்க"ன்னு பொன்மலர் முதல் முந்திரிக்கொத்தை என் கையில வைக்கா. பக்கத்துல இருக்கவ காப்பி கொண்டாரா. இன்னொருத்தி ஹாஸ்டல் கதை சொல்லுங்கக்கான்னு கேக்கா. சாயங்காலம் வரைக்கும் என்னைப் பேசவிட்டு, சிரிச்சு, ஒரு வேலையும் செய்யவிடலை. ஒதுக்குறதுக்கு எத்தனை வழி வச்சிருக்காங்க பாரு.

இதெல்லாம்கூடப் பரவாயில்ல. கேரல் வந்துச்சு பாரு, அதுலதான் என் மனசு உடைஞ்சுபோச்சு.

கேரல்னா, சபை ஆளுங்க எல்லாம் கூட்டமா வீடு வீடா போய்ப் பாட்டுப் பாடுததும்மா. டிரம் அடிப்பாங்க. கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்டு ஒருத்தர் முகமூடி மாட்டிக்கிட்டு ஆடுவாரு. பிள்ளைங்களுக்கு மிட்டாய் குடுப்பாரு. ஐயர் ரெண்டாவது ஞாயிறு ஆராதனை முடிவுல, "கேரலுக்கு யார் யாரெல்லாம் வாரீங்க, கையைத் தூக்குங்க. யாரு வேணும்னாலும் வரலாம், பாடத் தெரியணும்னு இல்ல"ன்னாரு. பாதிச் சபை கையைத் தூக்கிட்டு. நான் தூக்கலை. நான் எதுக்குத் தூக்கணும்? கை தூக்குறது பிள்ளைங்க வேலை. வார்டன் தூக்கமாட்டா. அவங்களா வந்து கூப்பிடணும். ஐயர் என்னைப் பாத்து, "வேற யாராவது? வேற யாராவது?"ன்னு கேட்டுக்கிட்டே நின்னாரு. அவ்வளவு நேரம் நின்னவருக்கு, எப்சிபா அக்கா நீங்க வாங்கன்னு ஒரு வார்த்தை வரலை. என் பேரு எப்சிபா. பைபிள்ல உள்ள பேருதான்.

சந்தோஷமும் பொன்மலரும்கூடக் கையைத் தூக்கலை. அதை மட்டும் நான் கவனிச்சேன். பிறகுதான் தெரிஞ்சது, அக்காவைத் தனியா விட்டுட்டு வரலைன்னு சொன்னாங்களாம். என்னைச் சாக்கு வச்சு வேலையில இருந்து தப்பிச்சுட்டாங்க.

வீட்டுக்கு வந்தேன். அன்னைக்கு மத்தியானம் நான் மணி அடிக்கலை. என்னை வேண்டாம்னு சொல்லுத ஊர்ல நான் எதுக்கு மணி அடிக்கணும்? அறையில போய்ப் படுத்துக்கிட்டேன். ரொம்ப நேரம் கழிச்சுக் கதவு தட்டுது. பொன்மலர். "மைனி, மணி அடிக்கலையே, நாங்க சாப்பிடலாமா?"ன்னு கேக்கா. வெளியே வந்து பாத்தா சந்தோஷம் ஆறிப்போன சோத்துக்கு முன்னாடி, கையைக் கழுவிட்டு, இஞ்சி தின்னவன் மாதிரி உக்காந்திருக்கான். வேணும்னே செய்யுதாங்கன்னு எனக்குத் தோணுச்சு. மணியை எடுத்து ஒரே ஒரு அடி அடிச்சேன். ரெண்டு பேரும் அவசர அவசரமா சாப்பிட்டாங்க.

இப்போ கவனமாக் கேளு. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ அடுத்த ஊர்க்காரி, அதனால சொல்லுதேன்.

எங்க தெருவுக்குக் கேரல் வார அன்னைக்கு, பொழுது சாயும்போது, நடந்துட்டு வாரேன்னு சொல்லிட்டுக் கோயில் பக்கம் போனேன். அவங்க எப்படி ஆயத்தம் பண்ணுதாங்கன்னு பாக்க. சும்மா பாக்கத்தான். கோயிலுக்குப் பின்னால உடுப்பு மாத்துத அறையில முனகல் சத்தம் கேட்டுச்சு. உள்ள போனா செல்லையா. மாவு மில் வச்சிருக்காரு, நல்ல பருமன். வருஷா வருஷம் அவருதான் தாத்தா. அந்தத் தாத்தா பூட்ஸைப் போட்டுப் பாத்துட்டு படியில இறங்கியிருக்காரு, கால் பிசகிட்டு. பெஞ்சுல காலைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. பக்கத்துல சிவப்பு உடுப்பு, பஞ்சுத் தாடி, சிரிச்ச முகமூடி எல்லாம் கெடக்கு.

"அக்கா, ஐயர்கிட்ட சொல்லுங்க, இன்னைக்குத் தாத்தா இல்லைன்னு"ன்னாரு.

நான் அந்த உடுப்பைப் பாத்தேன். மத்த ஆம்பளைங்க எல்லாம் ஒட்டடைக்குச்சி மாதிரி. போட்டா கழண்டு விழும். எனக்கு அளவு சரியா இருக்கும்னு பாத்த உடனே தெரிஞ்சுச்சு. அதோட, இவங்க வீடு வீடா போய் என்னதான் செய்யுதாங்கன்னு ஒருத்தர் பக்கத்துல இருந்து பாக்க வேண்டாமா? யாரும் என்னைக் கூப்பிடவும் வேண்டாம், நான் போய்க் கேக்கவும் வேண்டாம்.

"செல்லையா, நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. யார்கிட்டயாவது மூச்சு விட்ட, தெரியும்"னேன். அவரு திரும்பிக்கிட்டாரு. சத்தியம் வாங்கிக்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் அவரு யார்கிட்டயும் சொல்லலை. அந்தச் சபையில நல்ல மனுசன்னா அவரு ஒருத்தர்தான்.

சேலைக்கு மேலேயே சிவப்புக் கால்சட்டையை ஏத்திட்டேன். கொஞ்சம் பொம்முன்னு இருந்துச்சு. சேலைக்கரை கீழ லேசா தெரிஞ்சுச்சு, ஆனா இருட்டுற நேரம்லா, யாரு பாக்கப்போறா. முகமூடியை மாட்டுனா ஒண்ணும் தெரியலை. அதனால கண்ணாடியை முகமூடிக்கு மேல போட்டுக்கிட்டேன். வெளியே வந்தேன்.

டிரம் வச்சிருந்தவன் என் காலையே பாத்தான். ஐயர்தான் சத்தமா, "செல்லையா அண்ணாச்சி ரெடியாயிட்டாரு போல. தாத்தா இன்னைக்கு ரொம்பக் கம்பீரமா இருக்காரே"ன்னாரு. உடனே எல்லாரும், ஆமா ஆமா, கம்பீரம்தான்னாங்க. ஒருத்தி இருமிக்கிட்டே தென்னைமரத்துக்குப் பின்னால போனா. பனி ஒத்துக்கிடலை போல.

எவ்வளவு லேசா ஏமாந்தாங்க தெரியுமா.

முதல் வீட்டுல எனக்கு ஆட வரலை. நான் என்னைக்கும்மா ஆடுனேன்? ஹாஸ்டல்ல ஆடுத பிள்ளைங்களை நிப்பாட்டுனவ நான். அதனால டிரம்முக்குத் தக்கன நின்ன எடத்துலயே லெஃப்ட் ரைட் போட்டேன். சுதந்திர தினத்துக்குப் போடுவோம்லா, அது மாதிரி. கை தட்டுனாங்க. பிள்ளைங்க மிட்டாய்க்கு ஓடி வந்துச்சு. வரிசையில நிப்பாட்டி, ஒவ்வொண்ணுகிட்டயும் கையை நீட்டச் சொல்லி சைகை காட்டி, நகத்தைப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். அழுக்கு நகம் உள்ளதை எல்லாம் பைப்படிக்கு அனுப்பி வச்சேன். "இந்தத் தாத்தா ஏன்ப்பா நகம் பாக்காரு?"ன்னு ஒண்ணு அதோட அப்பாகிட்ட கேட்டுச்சு. அவரு, "இவரு புதுசா டிரெயினிங் முடிச்ச தாத்தா"ன்னாரு.

அப்புறம் எந்த வீட்டுலன்னு தெரியலை, என் தோள் தானா ஆடிச்சு. பிறகு இடுப்பு. முகமூடிக்குள்ள நான் யாருன்னு யாருக்கும் தெரியாதுன்னதும் உடம்புக்கு ஒரு திமிர் வந்துட்டு. ஒரு சுத்து சுத்துனேன். தாடி பின்பக்கம் போயிட்டு. கேரல் கூட்டமே என் கூடச் சேந்து ஆடுச்சு. ஐயர்கூட ஆடுனாரு. அங்கியை ஒரு கையால பிடிச்சுக்கிட்டு. பாக்க நல்லாவே இல்ல. நான் மட்டும்தான் தாளத்தோட ஆடுனேன்.

அப்படியே எங்க தெரு வந்துட்டு. எங்க வீடு.

சந்தோஷமும் பொன்மலரும் வாசல்ல நிக்காங்க. உள்ள வெளக்கெல்லாம் போட்டு, நாற்காலி எல்லாம் துடைச்சுப் போட்டிருந்தா. பாட்டு முடிஞ்சுச்சு. எல்லா வீட்டுலயும் கேக்க மாதிரி ஐயர், "ஏதாவது ஜெபக்குறிப்பு இருக்கா?"ன்னாரு. எதுக்காக ஜெபம் பண்ணணும்னு வீட்டுக்காரங்க சொல்லணும். மத்த வீட்டுல எல்லாம் மூட்டுவலி, மகனுக்கு வேலை, பக்கத்து வீட்டு நாய், இப்படித்தான் சொன்னாங்க.

பொன்மலர், "எங்க மைனிக்காக ஜெபிக்கணும் ஐயரே"ன்னா.

ஆரம்பிச்சுட்டாடா சாமின்னு நினைச்சேன். ஊருக்கு முன்னால என் மானம் போகப்போகுது. மணியைச் சொல்லப்போறா, முந்திரிக்கொத்தைச் சொல்லப்போறா. சொல்லட்டும், நேருக்கு நேரா கேட்டுக்கிடுதேன்னு கையில இருந்த மிட்டாய்ப் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

"ஜூன்ல வந்தாங்க"ன்னா. "இன்னும் பெட்டியைப் பிரிக்கலை. சேலையை எடுத்து உடுத்துதாங்க, துவைச்சு மடிச்சு மறுபடியும் பெட்டியிலயே வச்சுப் பூட்டிருதாங்க. பீரோவுல மேல் தட்டை அவங்களுக்குன்னு ஒதுக்கி, பேப்பர் விரிச்சு, அந்துருண்டை எல்லாம் போட்டு வச்சிருக்கேன். அது காலியாவே கெடக்கு. எப்ப வேணும்னாலும் கெளம்பிருவாங்களோன்னு எனக்குப் பயமா இருக்கு. தினமும் காலையில எந்திரிச்சதும் அந்தப் பெட்டி இருக்கான்னுதான் முதல்ல பாக்கேன். அவங்க எங்ககூடவே இருக்கணும் ஐயரே."

பெட்டி ஹாஸ்டல் பழக்கம்மா. அறையை மாத்துன்னு சொன்னா அப்பவே மாத்தணும், அதனால எப்பவும் கட்டியே வச்சிருப்பேன். இதையெல்லாம் ஒருத்தி உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பான்னு யாரு நினைச்சா?

அப்புறம் சந்தோஷம் தொண்டையைக் கனைச்சான். அவன் நாலு பேருக்கு முன்னால பேசி நான் பாத்ததே கிடையாது. "அக்கா எதையாவது செஞ்சுக்கிட்டே இருக்கா. செய்யலைன்னா அனுப்பிருவோம்னு நினைக்காளோ என்னவோ. அவ ஒண்ணுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்"னான்.

எனக்கு வந்துச்சே கோவம். சும்மா இருக்கதா? என் வாழ்க்கையில நான் என்னைக்குச் சும்மா இருந்திருக்கேன்? ஓங்கி ஒரு மிதி மிதிச்சேன் தரையில. டிரம்காரன் அது ஆட்டத்துக்குச் சைகைன்னு நினைச்சு டம்முன்னு ஆரம்பிச்சுட்டான். ஐயர் கையைக் காட்டி நிப்பாட்டிட்டு ஜெபம் பண்ண ஆரம்பிச்சாரு.

"ஆண்டவரே, எங்க எப்சிபா அக்காவை எங்களுக்குத் தந்தீரே, உமக்கு நன்றி. நீர் அவங்களை வேலைக்கு எடுக்கலை. பிள்ளையா எடுத்தீர். அவங்க மெழுகுவர்த்தியைக் காத்தாலும் காக்காட்டாலும் அவங்க உம்ம பிள்ளை, எங்க அக்கா. இது அவங்களுக்குத் தெரியாம இருந்தா நீரே தெரியப்படுத்தும். இப்போ அவங்க எந்த வேஷத்துல," அப்படின்னு நிறுத்துனாரு. "எந்த எடத்துல இருந்தாலும் இது அவங்க காதுல விழட்டும்."

பாவம், ஐயருக்கு நாக்கு கொஞ்சம் பிசகிட்டு. பாடிப் பாடித் தொண்டை கட்டியிருந்துச்சு.

நான் எவ்வளவோ ஜெபம் பண்ணியிருக்கேம்மா. ஹாஸ்டல்ல காலையிலயும் சாயங்காலமும் நான்தான் பண்ணுவேன். ஒவ்வொரு பிள்ளை பேரையும் சொல்லிப் பண்ணுவேன். என் பேரைச் சொல்லி ஒருத்தர் பண்ணி, அதை நானே பக்கத்துல நின்னு கேட்டது அன்னைக்குத்தான். அந்த முகமூடி பிளாஸ்டிக். காத்து போக வழி கிடையாது. பயங்கரமா வேர்த்துச்சு. கண்ணுகிட்டதான் ரொம்ப வேர்த்துச்சு. பஞ்சுத் தாடி நனைஞ்சு நெஞ்சுல ஒட்டிக்கிட்டு.

எல்லாரும் கண்ணை மூடியிருந்தாங்க. நான் மூடலை. ஒருத்தர் பாத்துக்கிடணும்லா. பாத்தா, பொன்மலரும் மூடலை. என் காலைப் பாத்துக்கிட்டு நிக்கா. சேலைக்கரையைத்தான் பாக்காளோன்னு எனக்குப் பக்குன்னுச்சு. பிறகு நிமிந்து முகமூடியைப் பாத்துச் சிரிச்சா. தாத்தான்னா அவளுக்குச் சின்னப் பிள்ளையில இருந்தே பிரியமா இருக்கும் போல.

ஜெபம் முடிஞ்சு எல்லாருக்கும் காப்பி குடுத்தா. தாத்தா முகமூடியைக் கழத்தாமக் குடிக்க முடியாதுன்னு தனியா ஒரு டம்ளரை எடுத்துக்கிட்டு, என்னைச் சுவர் ஓரமாக் கூட்டிட்டுப் போய்க் கையில குடுத்துட்டு, முதுகைக் காட்டி நின்னுக்கிட்டா, யாரும் பாக்காம மறைச்சுக்கிட்டு. முகமூடியை லேசாத் தூக்கிக் குடிச்சேன். சர்க்கரை இல்லாத காப்பி. எனக்கு சுகர், நான் அப்படித்தான் குடிப்பேன். செல்லையாவுக்கும் சுகர் இருக்கும்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. மனுசன் வெளியே காட்டிக்கிடதே இல்ல.

அப்புறம் மீதி வீட்டை எல்லாம் முடிச்சு, உடுப்பை அங்க போட்டுட்டு, நடந்துட்டு வார மாதிரியே வீட்டுக்கு வந்தேன்.

"எங்க மைனி போயிருந்தீங்க? கேரல் வந்துச்சு, உங்களைக் காணுமே"ன்னா பொன்மலர்.

"நடக்கப் போனேன். நல்லாப் பாடுனாங்களா?"

"பாட்டு சுமார்தான். தாத்தாதான் இந்த வருஷம் ரொம்ப ஜோர்."

எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. சந்தோஷம் பக்கத்துல வந்தான். என் தாடையில ஏதோ ஒட்டியிருந்துச்சு போல, எடுத்தான். பஞ்சு. அதைப் பாத்தான், சட்டைப்பையில போட்டுக்கிட்டான். ஒண்ணும் கேக்கலை. அவனுக்கு எதையும் கேக்கணும்னு தோணாது, அப்படி ஒரு மந்தம். ஆனா அவன் சிரிச்சான். பல்லு தெரிய. நான் அவன் பல்லைப் பாத்து வருஷக்கணக்காச்சு.

மறுநாள் காலையில பெட்டியைப் பிரிச்சேன். அவ சொன்னதுக்காக இல்ல, மழைக்காலம்லா, அடியில ஈரம் கண்டிருந்துச்சு. சேலை, துண்டு, பைபிள், எல்லாத்தையும் எடுத்துப் பீரோவுல அந்த மேல் தட்டுல வச்சேன். அந்துருண்டை வாசனை தும்மலா வந்துச்சு. காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டுத் திரும்பினா, பொன்மலர் வாசல்ல நிக்கா. விறுவிறுன்னு அடுக்களைக்குப் போயிட்டா. போய்ப் பாத்தா கண்ணைத் தொடைச்சுக்கிட்டு இருக்கா. வெங்காயம் உரிச்சேன் மைனின்னா. அன்னைக்குக் குழம்புல வெங்காயமே கிடையாது. சொல்லுதேன்லா, பொறுப்பே கிடையாது அவளுக்கு.

அதுக்குப் பிறகு கிறிஸ்மஸ் வரைக்கும் எல்லாத் தெருவுக்கும் நான்தான் தாத்தா. செல்லையா கால் சரியாகவே இல்ல. அதுல பாரு, அந்த மனுசன் தை மாசத்துல இருந்து மில்லுல நெல்லு மூட்டையைத் தூக்குதாரு, சைக்கிள்ல போறாரு, கோயில் விளையாட்டுப் போட்டியில சாக்கு ஓட்டத்துல ஓடுனாரு. நவம்பர் பொறந்ததும் கால் வந்துட்டு. போன வாரம் என் வீட்டுக்கே நொண்டிக்கிட்டு வந்து, "அக்கா, இந்த வருஷமும் நீங்கதான் யாருக்கும் தெரியாம உதவி பண்ணணும்"னாரு. வரும்போது இடது காலு, போகும்போது வலது காலு. ரெண்டுலயும் வலி போல.

இன்னொரு அதிசயம். சபையில தாத்தா உடுப்பு பழசாயிட்டுன்னு புதுசா தைக்கக் குடுத்திருக்காங்க. செல்லையாவை அளவெடுக்கக் கூப்பிடவே இல்லையாம். பொன்மலர் எதுக்கோ என்கிட்ட ஒரு பழைய ஜாக்கெட்டை வாங்கிட்டுப் போனா, எதுக்குன்னு கேட்டா, ஒரு வேலை இருக்கு மைனிங்கா. நேத்து ஐயர் போன்ல சொல்லுதாரு, "அக்கா, புதுத் தாத்தா உடுப்பு வந்துட்டு. முகமூடியில கண்ணாடி மாட்ட வசதியா ஓட்டை போட்டிருக்கோம்." செல்லையாவுக்குக் கண்ணாடி ஏது? எதுக்கு இதையெல்லாம் என்கிட்ட சொல்லுதாருன்னு எனக்கு விளங்கலை. பொழுதுபோகாத மனுசன்.

நீ சிரிக்காத. யார்கிட்டயும் சொல்லிராத. அங்க ஒரு குஞ்சுக்குக்கூடத் தெரியாது.

என் ஸ்டாப் வருது பாரு. மழையும் வலுத்துட்டு. அந்தா, வேப்பமரத்துக்கு அடியில ஒருத்தி குடையோட நிக்காள்லா, அதுதான் பொன்மலர். கையில இன்னொரு குடை வேற. நான் எந்த பஸ்ல வாரேன்னு அவகிட்ட சொல்லவே இல்ல. இன்னைக்கு வாரேன், அவ்வளவுதான் சொன்னேன். எப்ப இருந்து நிக்காளோ. சேலை முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கு. ஒவ்வொரு பஸ்ஸா எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருந்திருப்பா. அறிவு இருக்கா பாரு. சளி பிடிச்சா யாரு பாக்கது?

அந்தப் பையை எடும்மா. மிக்சர் மீதி உனக்குத்தான். தம்பி, கண்டக்டர் தம்பி, விசில் அடிப்பா. மெதுவா நிப்பாட்டச் சொல்லு, தண்ணி தெறிச்சிராம. எங்க வீட்டு ஆள் நிக்கா.